குழாய் எட்டும் தூரம்

ஹார்லன் ஸ்பிரிங்ஸ் ரயில் நிலையத்தில் மூன்று சன்னல்கள் இருந்தன. ஒன்று பயணச்சீட்டுக்கு, ஒன்று மனைக்கு, ஒன்று தண்ணீருக்கு. மூன்றின் பின்னாலும் இருந்தவர் பென்ஹாலோ ஒருவர்தான். சீட்டுக்கு நீலத் தொப்பி, மனைக்குச் சாம்பல் தொப்பி, தண்ணீருக்கு வைக்கோல் தொப்பி. தொப்பி மாறியதும் அவருக்கு நம்மைத் தெரியாமல் போய்விடும். சீட்டுச் சன்னலில் ஆமோஸின் முதுகுவலியைப் பற்றி அக்கறையாக விசாரித்தவர், இரண்டடி தள்ளித் தண்ணீர்ச் சன்னலில் போய் நின்றால் பெயர் கேட்பார்.

நான் அந்தத் தண்ணீர்ச் சன்னலில் முதன்முதலாக நின்றது 1911-ஆம் வருடம் மே மாதம்.

"பேரு?"

"ஹெப்ஸி பிக்கெட். நீங்க போட்டிருக்கற காலரை நேத்துதான் துவைச்சுக் குடுத்தேன்."

"வீடு?"

"தண்டவாளத்துக்கு மேற்கே, மூணாவது தெரு."

அவர் வரைபடத்தை விரித்தார். தண்டவாளத்துக்குக் கிழக்கே தெருக்களும் கட்டங்களும் எண்களும் நெருக்கமாக இருந்தன. மேற்கே வெறும் மஞ்சள். அந்த மஞ்சளின் நடுவில் யாரோ பொறுமையாக ஒரு கள்ளிச்செடி வரைந்திருந்தார்கள். எங்கள் வீடு ஏறக்குறைய அந்தக் கள்ளிச்செடியின் இடது கை இருந்த இடம்.

"இங்க தெருவே இல்லையேம்மா."

"போன கிறிஸ்துமஸுக்கு அந்தத் தெருவுல வந்து வாத்துக்கறி சாப்பிட்டீங்க."

"அன்னிக்கு நான் தொப்பி போட்டுக்கல" என்றார். "இதைப் பாருங்க. கம்பெனி பாலைவனத்துக்குத் தண்ணி குடுக்கறதில்ல. ஊருக்கு மட்டும்தான்."

"ஊருன்னா எது?"

"கம்பெனி தண்ணி குடுக்கற இடம்."

அவர் குரலில் கேலி இல்லை. மழைக்காலம் எப்போது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

நான் அங்கே போனது தாகத்தால் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கத்தில் யாரும் தாகத்தால் சாகவில்லை. ரயில் கம்பெனியின் மாட்டுப் பட்டியில் தொட்டி ஒன்று உண்டு. ரயிலில் போகிற மாடுகள் வழியில் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது விதி. மாடுகள் குடித்து மிஞ்சியதைக் கிரம் என்ற கிழவர் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களுக்கு விற்பார். நான் சலவைத் தொழில் செய்தேன். பென்ஹாலோவின் வெள்ளைக் காலர் உட்படக் கம்பெனியின் வெள்ளைக் காலர்கள் எல்லாமே மாட்டுத் தண்ணீரில் வெளுத்தவைதான். ஆகவே எனக்குத் தண்ணீர் இருந்தது. இல்லாதது லவினியாவின் தண்ணீர்.

லவினியா என் ஓர்ப்படி. என் கணவர் ஆமோஸ் எஞ்சின் கொட்டகையில் கொதிகலன் தட்டுபவர். அவள் கணவர் ஓரின், ஆமோஸின் தம்பி, கம்பெனியின் ஐஸ் கிடங்கில் வேலை. ஊர் தொடங்கிய கதை சிறியது. இங்கே ஓர் ஊற்று இருந்தது. அதைச் சுற்றிப் பையூட் என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். எத்தனையோ தலைமுறையாக அதில் குடித்து வந்தார்கள். ஆனால் விண்ணப்பம் எதுவும் கொடுத்ததில்லை என்பதால் கம்பெனி வந்ததும் வேலி போட்டது. ரயில் வருவதற்கு முந்தின வருடம் ஒரு நில அளவைக்காரர் மேற்கே மலிவாக மனை விற்றார். நானும் ஆமோஸும் வாங்கினோம். மறு வருடம் கம்பெனி கிழக்கே பந்தல் போட்டு, பாண்டு வாத்தியம் வைத்து, ஏலம் விட்டது. ஓரின் நாலு மடங்கு விலைக்கு ஒரு மனை எடுத்தான். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது நான் சிரித்த சிரிப்பை ஆமோஸ் இன்னும் மறக்கவில்லை. பட்டாணியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன். "ஒரே மண்ணு. ஒரே வெயிலு. அதுக்கு நாலு மடங்கா" என்றேன்.

ஆறு மாதத்தில் கிழக்குப் பக்கம் குழாய் வந்தது.

அந்தக் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மரக்குழாய். செம்மரப் பலகைகளை வட்டமாக அடுக்கிக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வீட்டுக் குழாய்களை மூடினால் அழுத்தம் தாங்காமல் பலகை பிளந்துவிடும். அதனால் கிழக்குப் பக்கத்தில் யாரும் குழாயை மூடக்கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்டிருந்தது. இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் வீடு வீடாக வந்து சுவரில் காது வைத்துக் கேட்பார். சத்தம் கேட்காத வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். அப்படித் திறந்துவிட்ட தண்ணீர் வாசல் வழியாக ஓடி, தெருவோரமாகப் போய், தெருக்கோடியில் மணலுக்குள் மறையும். பாலைவனத்துக்குத் தண்ணீர் கிடையாது என்ற விதி அந்த மணலுக்குப் பொருந்தாது. அது கிழக்கு மணல்.

லவினியாவின் வீடு தெருவின் கடைசி. மொத்தத் தெருவின் தண்ணீரும் அவள் வேலியைத் தொட்டுக்கொண்டு போகும். வேலியோரம் ஒரு பாப்லர் மரம் நட்டிருந்தாள். இரண்டே வருடத்தில் அது கூரைக்கு மேல் போய்விட்டது. காற்றடித்தால் அதன் இலைகள் ஒன்றோடு ஒன்று பேசும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். போகாமல் இருக்க முடிந்ததில்லை.

"வாங்கக்கா. பார்த்து வாங்க, வழியெல்லாம் ஈரம். புல்லு வேற முளைச்சிக்கிட்டே இருக்கு, வெட்டி மாளல."

"பாவம்" என்றேன்.

"உங்களுக்கென்னக்கா, பெருக்கினா சுத்தமாயிடும். இங்க பாருங்க, வாத்து வந்து குடியிருக்கு. யாரோடதுன்னே தெரியல." அவள் எலுமிச்சைச் சாறில் ஐஸ் போட்டு என் கையில் கொடுத்தாள். ஐஸ் கண்ணாடியில் இடித்துச் சத்தம் போட்டது. "இந்தத் தண்ணிச் சத்தம் இருக்கே, ராத்திரி கண்ணை மூட விடறதில்ல. நீங்க குடுத்து வச்சவங்க. உங்க பக்கம் எவ்வளவு அமைதி."

அவள் குத்திப் பேசவில்லை. குத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையாகவே தூக்கமில்லாமல் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அந்தக் கருவளையத்தைக் கூட நான் ஆசையாகப் பார்த்தேன். என் கைகள் சவுக்காரத்தில் வெடித்திருந்தன. தண்ணீர் அதிகமாகி ஒருத்திக்குத் தூக்கம் கெடுகிறது. அந்தக் கேட்டைத் தாங்கும் வசதி எனக்கு எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டே எலுமிச்சைச் சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ஐஸையும் மென்றேன்.

ஜூன் மாதம் நிலையத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு நீரூற்று கட்டியது. வெண்கல மீன் ஒன்று வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும். அதைத் திறந்துவைக்கக் கம்பெனியின் துணைத் தலைவர் கர்னல் விட்கோம்ப் தனி ரயில்பெட்டியில் வந்தார். மேற்குப் பக்கத்தவர்களுக்கும் அழைப்பு இருந்தது. நாங்கள் நிற்பதற்குத் தண்டவாளத்தின் மறுபுறம் கயிறு கட்டியிருந்தார்கள். அழைப்பில் "பார்க்கலாம்" என்று அச்சிட்டிருந்தது.

கர்னல் நாற்பது நிமிடம் பேசினார்.

"இந்த ஊரைப் பார்க்கறப்ப எனக்கு நெஞ்சு அடைக்குது. நாங்க வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது? தண்ணி இருந்தது. அவ்வளவுதான். யாரு வேணும்னாலும் வந்து குடிச்சிட்டுப் போனாங்க. ஒரு ஒழுங்கு இல்ல, ஒரு படிவம் இல்ல. இன்னிக்கு அதே தண்ணி எவ்வளவு மரியாதையா இருக்கு பாருங்க." கைதட்டல் எழுந்தது. "தண்ணி கடவுளோடது. எல்லாருக்கும் பொதுவானது. அதனாலதான் அதை நாங்க வச்சிருக்கோம், வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு. சிலபேர் கேட்கறாங்க, மேற்குப் பக்கத்துக்கு ஏன் இல்லைன்னு. மேற்குப் பக்கத்துச் சகோதர சகோதரிகளே, உங்களை நாங்க மறக்கல. உங்க பக்கம் வறண்டு இருக்கறதாலதான் எங்க பக்கத்து மனைக்கு ஒரு விலை இருக்கு. நீங்க ஒவ்வொருத்தரும் இந்தக் கம்பெனியோட பங்காளிங்க மாதிரி."

எங்கள் பக்கத்திலும் கைதட்டினார்கள். எங்களை யாரும் அதுவரை பங்காளி என்று சொன்னதில்லை.

பிறகு பூங்கொத்து கொடுக்க ஒரு பெண்மணியை மேடைக்கு அழைத்தார்கள். லவினியா ஏறினாள். தன் வேலியோரத்து ரோஜாக்களைக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கர்னல் அவற்றை முகர்ந்தார். "பாலைவனத்துல ரோஜா" என்று வியந்தார். அவள் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தபோது மீனின் வாயிலிருந்து தெறித்த சாரல் அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அந்தச் சாரல்தான் என்னைக் கெடுத்தது.

மறுநாள் மனைச் சன்னலுக்குப் போய்க் கிழக்கே பதினான்காம் எண் மனையை வாங்கினேன். என் சலவைச் சேமிப்பு முழுவதும் போயிற்று. அது லவினியாவின் வேலிக்கு அடுத்த மனை. காலியாக இருந்த வேறு மனைகளையும் பென்ஹாலோ காட்டினார். நான் அவற்றைப் பார்க்கவில்லை.

"புது வீடு கட்டக் காசில்லையே" என்றார் ஆமோஸ்.

"இருக்கற வீட்டையே நகர்த்திக்கலாம். மரவீடுதானே. உருளைக்கட்டை வச்சு, கோவேறு கழுதை பூட்டி இழுத்தா வந்துடும். சுரங்கத்து ஊர்ல எல்லாம் பண்றாங்க."

அவர் சுத்தியலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு வேணுங்கறது தண்ணியா, லவினியாவா?"

"தண்ணி" என்றேன், சட்டென்று. நான் சட்டென்று சொல்லும் பதில்களை அவர் நம்புவதில்லை. ஆனாலும் கழுதை விசாரிக்கப் போனார்.

வீடு கிழக்கே போக வேண்டுமானால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். கடக்க நாலு மணி நேரமாவது ஆகும். சீட்டுச் சன்னலில் போய் அனுமதி கேட்டேன். பென்ஹாலோ நீலத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நாலு மணி நேரம் வழியை அடைத்துவைக்கச் சொல்லித் தலைமையிடத்துக்குத் தந்தி அடிக்கலாம். ஆனால் ரயிலுக்காக மட்டும்தான் இன்னொரு ரயிலை நிறுத்த முடியும். வீட்டுக்காக நிறுத்துவதற்குத் தந்தியில் குறியீடு இல்லை.

"அப்ப என்ன பண்றது?"

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. "நாற்பத்தோராம் விதி. 'தண்டவாளத்தின் மேல் உத்தரவின்படி இருப்பது எதுவானாலும் அது ரயில்.' உங்க வீட்டை ரயிலாக்கிடலாம்மா."

இப்படியாக எங்கள் வீடு ஸ்பெஷல் அறுபத்தொன்று ஆயிற்று. அதற்கு வேண்டியதெல்லாம் செய்தோம். சமையலறைக்குப் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் தொங்கின. கூரையில் மணி கட்டினோம். ஆமோஸ் கார்டாக நியமிக்கப்பட்டு, பச்சைக் கொடியுடன் பின்வாசல் படியில் நின்றார். ரயிலில் டிரைவர் இருக்க வேண்டும் என்பதால் கழுதைக்காரருக்கு ஒரு டிரைவர் தொப்பி கொடுத்தார்கள். அவருக்குக் கண்பார்வைப் பரிசோதனையும் நடந்தது. கழுதைகளுக்கு நடக்கவில்லை. நான் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். பென்ஹாலோ சன்னலுக்கு வெளியே வந்து என்னிடம் சீட்டுக் கேட்டார்.

"என் வீட்டுல நான் இருக்க எதுக்குச் சீட்டு?"

"வீட்டுல இருக்கச் சீட்டு வேண்டாம். ரயில்ல இருக்க வேணும். எங்கிருந்து எங்கம்மா?"

"மேற்கிலிருந்து கிழக்குக்கு."

அந்தப் பெயர்களில் நிலையம் இல்லை என்று வருத்தப்பட்டு, ஹார்லன் ஸ்பிரிங்ஸிலிருந்து ஹார்லன் ஸ்பிரிங்ஸுக்கு ஒரு சீட்டுக் கிழித்துத் தந்தார்.

வீடு நகர்ந்தபோது பீங்கான் தட்டுகள் அலமாரியில் பற்களைப் போல நடுங்கின. தண்டவாளத்தின் நடுவில் ஓர் உருளைக்கட்டை பிளந்தது. வீடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. கழுதைகளும் நின்றன. கிழக்குப் பக்கம் முழுவதும் வேலியோரம் கூடி வேடிக்கை பார்த்தது. லவினியா தன் பாப்லர் நிழலில் நின்றுகொண்டு, "அக்கா, பயப்படாதீங்க, ஓரினை அனுப்பறேன்" என்று கத்தினாள். அவள் குரலில் இருந்த இரக்கம் இங்கேவரை வந்தது. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் எக்ஸ்பிரஸ் வந்து எங்கள் குளியலறைக்கு எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. விபத்துக்கால கிரேனைக் கொண்டுவந்தார்கள். வீட்டை அப்படியே தூக்கி இரண்டு திறந்த சரக்குப் பெட்டிகளின் மேல் வைத்து, பக்கத்து வழித்தடத்தில் தள்ளிவிட்டார்கள். அது எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் உயரமான தொட்டியின் அடியில் இருந்தது.

"இறக்கிடுங்க" என்றேன்.

"சரக்கைத்தாம்மா இறக்க முடியும். ரயிலை இறக்க முடியாது. ரயில் போய்ச் சேரணும்."

"என் மனை நானூறு கெஜம் தள்ளி இருக்கு. அங்க தண்டவாளம் இல்லையே."

"அதான்" என்று ஒத்துக்கொண்டார். அறிவிப்புப் பலகைக்குப் போய், ஸ்பெஷல் அறுபத்தொன்று என்பதற்கு நேராக 'தாமதம்' என்று எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும்.

அப்போதுதான் தொட்டியின் மேலே நின்றவன் கயிற்றை இழுத்தான். எங்கள் கூரைக்கு மேல் இரும்புக் குழாய் ஒன்று யானைத் துதிக்கையைப் போல இறங்கியது. அறுபத்தாறாம் விதி. நிலையத்தில் நிற்கும் ரயிலுக்கு, நின்ற கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் விட வேண்டும். அவன் எங்கே விடுவது என்று பார்த்தான். நான் ஓடிப்போய், கூரையில்லாத பின்கட்டில் இருந்த துணி அலசும் தொட்டியைக் காட்டினேன். அது ஒரே மூச்சில் நிரம்பி வழிந்து, சமையலறையில் ஓடி, வாசல்படி வழியாகத் தண்டவாளத்துக் கற்களில் கொட்டியது. கம்பெனியின் தண்ணீர். மாடு குடிக்காத தண்ணீர். ஆமோஸ் கொடியைப் பிடித்துக்கொண்டு அதில் நனைந்து நின்றார்.

அதன்பிறகு ஒரு நாளைக்கு எட்டு முறை தண்ணீர் வந்தது. எந்த ரயில் வந்தாலும் விதிப்படி எங்களுக்கும் விட்டார்கள். மரக்குழாயின் நூல் போன்ற தண்ணீர் அல்ல, இது அருவி. நான் சரக்குப் பெட்டியின் விளிம்பில் மண் கொட்டி ரோஜா வைத்தேன். ஒரு பாப்லர் கன்றும் வைத்தேன். கன்றுகளை லவினியாவிடம்தான் கேட்டு வாங்கினேன். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் ஒரு வாரம் கழித்துப் பார்க்க வந்தாள். ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. சரியாகப் பதினொன்று நாற்பதுக்குத்தான் வரச் சொல்லியிருந்தேன். ஏறி மூச்சு வாங்கி நாற்காலியில் உட்காரும்போது கூரையில் துதிக்கை இறங்கியது. அலமாரி அதிர்ந்தது. தண்ணீர் விழும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. நான் அவசரப்படாமல் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன்.

"இவ்வளவும் உங்களுக்கா அக்கா?" என்றாள் சத்தம் நின்றதும்.

"என்ன பண்றது லவினியா. வேண்டாம்னாலும் விடறாங்க. தூக்கமே போச்சு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் நான் பார்த்த பார்வை அது. அவளுடைய முகத்தில் அதை முதன்முறையாகப் பார்த்தபோது, வெயிலில் நடந்துவந்து நிழலில் கால் வைத்ததுபோல உடம்பெல்லாம் குளிர்ந்தது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது என்று புரிந்தது. கூடவே, இது போதுமா என்ற கேள்வியும் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன்.

பதினான்காம் மனை காலியாகக் கிடந்தது. அங்கே போனால் எனக்கும் லவினியாவுக்கும் ஒரே அளவுத் தண்ணீர். அதை நினைத்தாலே எனக்குச் சப்பென்றிருந்தது.

அடுத்த வாரம் கிழக்குப் பக்கத்துப் பெண்கள் கூட்டமாக நிலையத்துக்குப் போனார்கள். லவினியா முன்னால் நின்றாள். எங்களுக்கும் தொட்டிக் குழாய் வேண்டும் என்றார்கள்.

"தொட்டி ரயிலுக்கும்மா" என்றார் பென்ஹாலோ, வைக்கோல் தொப்பியில்.

"ஹெப்ஸி அக்கா வீடு ரயிலா?"

"ரெண்டு வாரமா தாமதமா நிக்குதே, ரயில் இல்லாம என்ன?"

பெண்கள் திரும்பிப் போய், அன்றைக்குச் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயை மூடினார்கள். எதிர்ப்புக் காட்டத்தான். அந்த ஊரில் முதல்முறையாக நிசப்தம் வந்தது. கால் மணி நேரம் இருந்தது அந்த நிசப்தம். பிறகு ஊற்றிலிருந்து தெருக்கோடிவரை மரக்குழாய் நீளவாக்கில் பிளந்தது. முதல் தெருவில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியதாகச் சொன்னார்கள். வாத்துகள் மட்டும் அதை ரசித்தன. விடிவதற்குள் எல்லாவற்றையும் மணல் குடித்துவிட்டது.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பென்ஹாலோ அதை நிலையத்தில் நின்று உரக்கப் படித்தார். குழாய் தன் கடமையைச் செய்து முடித்திருக்கிறது. அதன் சேவையைக் கம்பெனி நினைவுகூர்கிறது. புதிய பலகைக்கு மரம் இன்னும் வடக்கே நின்றுகொண்டிருக்கிறது, வளர்ந்ததும் வெட்டப்படும். அதுவரை வரைபடம் உண்மை நிலவரத்துக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும்.

அவர் மஞ்சள் சாயத்தைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் என் சமையலறைச் சன்னலிலிருந்தே பார்த்தேன். முதல் தெருவில் தொடங்கித் தெருத் தெருவாக மஞ்சள் பூசினார். லவினியாவின் மனையில் கள்ளிச்செடி வரைந்தார். தொட்டிக்கு வரும் குழாய் மட்டும் இரும்பு. எஞ்சினைக் காக்கவைக்க முடியாதல்லவா. ஆகவே கம்பெனி தண்ணீர் கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வரைபடத்தில் மஞ்சளுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம் வெள்ளையாக நின்றது. அதன்மேல் ஹார்லன் ஸ்பிரிங்ஸ் என்று எழுதினார். நான் என் ஊரில் தனியாக உட்கார்ந்து காலர்களுக்குக் கஞ்சி போட்டேன்.

மூன்றாம் நாள் லவினியா வாளியோடு வந்தாள். ஏணியில் ஏறவில்லை. கீழேயே நின்றாள். அவள் பாப்லரின் இலைகள் ஓரம் சுருண்டிருந்ததை இங்கிருந்தே பார்க்க முடிந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அக்கா, ஒரு வாளி."

என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. 'பாலைவனத்துக்குத் தண்ணி குடுக்கறதில்லம்மா.' பென்ஹாலோவின் குரலிலேயே வந்தது. அதை விழுங்கினேன். நல்லவளாக இருந்ததால் அல்ல. விழுங்குவதிலும் ஒரு ருசி இருந்தது. வாளியை வாங்கித் தண்ணீர் ஊற்றினேன். முக்கால் வாளிதான் ஊற்றினேன். நாளைக்கும் வரட்டும் என்று.

அவள் முக்கால் வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

"உங்களைப் பார்த்தாத்தான் பாவமா இருக்குக்கா. நாள் பூரா ரயிலு, தண்ணிச் சத்தம். எனக்கு இந்த மூணு நாளா என்ன தூக்கம் தெரியுமா? படுத்தா விடிஞ்சிடுது. மூணு வருஷத்துத் தூக்கம். ஓரின்கூடச் சொன்னார், முகமே மாறிப்போச்சுன்னு."

உண்மைதான். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. அவள் வாளியைச் சுமந்துகொண்டு, தளும்பாமல், அந்தப் பெரிய அமைதிக்குள் நடந்துபோனாள்.

அன்று முழுவதும் என் வீட்டில் கூரை அதிர்ந்தது, தட்டுகள் ஆடின, மணி தானாக அடித்தது. நான் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தபோது என் கண்ணுக்குக் கீழே அந்தக் கருவளையம் வந்திருந்தது. ஒருகாலத்தில் ஆசைப்பட்டதுதான். இப்போது அது அவளுக்கு வேண்டாமென்று தூக்கிப்போட்ட பழைய சட்டை மாதிரி இருந்தது.

காலையில் நிலையத்துக்குப் போனேன். பென்ஹாலோ என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஊர் மொத்தமும் வந்திருக்கிறதல்லவா.

"நான் இறங்கணும். என் மனைக்குப் போகணும். எனக்கு அமைதி வேணும்."

"லவினியா அம்மா பக்கத்துல இருக்கே, அந்த அமைதியா?"

"அதேதான்."

"தாராளமா" என்று சாம்பல் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "நானூறு கெஜம் தண்டவாளம் போட உத்தரவு வாங்கிடலாம். போய்ச் சேர்ந்தன்னிக்கு நீங்க ரயில் இல்ல. தண்ணி இருக்காது. அமைதி இருக்கும். கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்தேன். மைக்கூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு படிவம் காய்ந்துகொண்டிருந்தது. தலைகீழாக இருந்தாலும் அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். ரோஜாக் கன்றுக்கு எப்படித் தண்ணீர் விடுவது என்று எழுதிக் கொடுத்த அதே கை.

"இது என்ன?"

"ஸ்பெஷல் அறுபத்திரண்டு" என்றார். "உங்க ஓர்ப்படி வீடு. தண்டவாளத்தைக் கடந்து மேற்கே போறதா எழுதியிருக்காங்க. வழியில உருளைக்கட்டை உடைஞ்சாலும் உடையலாம்னு அவங்களே அடியில ஒரு குறிப்பு வச்சிருக்காங்க. முந்தாநேத்துக் குடுத்தது."

முந்தாநாள். வாளியோடு வந்து தூக்கத்தைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு நாள் முன்பு.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது வேறு ஏதோ. அவளுக்கும் அந்த அமைதி போதவில்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி முடிவதற்குள் ஒரு பதற்றம். சன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தேன். துதிக்கைக் குழாய் ஓரிடத்தில் பொருத்தப்பட்டது. பக்கத்து வழித்தடத்தில் அதன் வாய் எட்டுவது ஒரு வீட்டுக்குத்தான்.

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தள்ளினேன்.

"அமைதி வேண்டாமாம்மா?"

"அவ வீடு எனக்கு முன்னாடி நிக்குமா, பின்னாடி நிக்குமா?" என்றேன்.

பென்ஹாலோ மூன்று தொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எந்தத் தொப்பியும் போடாமல், விதிப்புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். நான் சன்னலை விட்டு நகரவில்லை.